கிளென் கூல்ட் கச்சேரியும் கேட்டவர்களின் எதிர்வினையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்தியச் செவ்விசையை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று விசாரிப்பவர்களுக்கு நான் சொல்லும் பதிவுகளில், பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1962இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் பிராம்ஸின் படைப்பை வாசித்த கச்சேரி எப்போதும் இருக்கும். கேட்டுவிட்டு வருபவர்கள் பியானோவைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. அரங்கில் ஏன் சிரித்தார்கள், அவருக்குப் பின்னால் முனகுவது யார், கைதட்டியது மரியாதைக்கா, மனத்திலிருந்தா என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை அவரவர் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன, வில்லங்கமானவை பின்னால்.

கிளென் கூல்ட் யார்? பியானோ வாசிப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்க, இவரைப் பற்றி மட்டும் ஏன் இத்தனை பேச்சு?

கனடாவின் டொரோன்டோ நகரில் 1932இல் பிறந்தவர். 1982இல், ஐம்பது வயதில் மறைந்தார். 1955 ஜனவரியில் நியூயார்க்கின் டவுன் ஹாலில் வாசித்தபோது அரங்கில் கூட்டம் குறைவு. ஆனால் அந்தச் சிறு கூட்டத்தில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் இருந்தார். மறுநாளே ஒப்பந்தம் பேசப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் பதிவான, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ், 1956இல் இசைத்தட்டாக வெளிவந்து அவரை உலகறியச் செய்தது.

பேச்சுக்குக் காரணம் வாசிப்பு மட்டும் இல்லை. கோடையிலும் ஓவர்கோட்டும் கையுறையும் அணிவார். வாசிப்பதற்கு முன் கைகளை வெந்நீரில் ஊறவைப்பார். நிறுவனமே இந்தப் பழக்கங்களை விளம்பரப்படுத்தியது. ஆகவே அவரைக் கேட்க வந்தவர்களில் பலர், ஒரு விசித்திர மனிதரைப் பார்க்கப்போகிறோம் என்ற எண்ணத்தோடுதான் வந்து அமர்ந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பல பதில்களுக்கு இது தேவைப்படும்.

1962இல் அன்று என்னதான் நடந்தது?

ஏப்ரல் 6, நியூயார்க் கார்னகி ஹால். நியூயார்க் பில்ஹார்மானிக் இசைக்குழுவுடன் பிராம்ஸின் முதல் பியானோ கான்செர்ட்டோவை (தனி வாசிப்பாளரும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பை)க் கூல்ட் வாசிக்க வேண்டும். நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன். கூல்ட் மேடைக்கு வருவதற்கு முன் பெர்ன்ஸ்டைன் மட்டும் வந்து, அவையினரைப் பார்த்துச் சில நிமிடங்கள் பேசினார். பயப்பட வேண்டாம், கூல்ட் வந்திருக்கிறார், இதோ வருவார் என்று தொடங்கினார். கச்சேரியைக் கடைசி நேரத்தில் ரத்து செய்வது கூல்டின் வழக்கம் என்பதால் இந்த முன்னறிவிப்பு.

பிறகு விஷயத்துக்கு வந்தார். நீங்கள் கேட்கப்போவது வழக்கத்துக்கு மாறான வாசிப்பு. காலப்பிரமாணம் மிகவும் நிதானமானது. ஒலி கூடும் இடம், குறையும் இடம் பற்றிப் பிராம்ஸ் எழுதியவற்றிலிருந்து பல இடங்களில் விலகுகிறது. கூல்டின் பார்வையோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை என்றார். ஒரு கான்செர்ட்டோவில் யார் எஜமான், தனி வாசிப்பாளரா நடத்துநரா என்று கேட்டுவிட்டு, சில சமயம் இவர், சில சமயம் அவர் என்றும் சொன்னார். அரங்கம் சிரித்தது. இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் இப்படி ஒருவருடைய புதுமைக்கு நான் பணிய வேண்டியிருந்தது, அது கடந்த முறை கூல்டுடன் வாசித்தபோது என்றார். சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. அதன் பிறகுதான் கூல்ட் வந்து அமர்ந்தார்.

பெர்ன்ஸ்டைன் அவரை மேடையிலேயே அவமானப்படுத்திவிட்டார் என்றுதானே சொல்கிறார்கள்?

சொல்கிறார்கள். ஆனால் பேச்சை முழுவதும் கேட்டவர்கள் அப்படிச் சொல்வது கடினம். உடன்பாடு இல்லாவிட்டால் நான் ஏன் நடத்துகிறேன் என்ற கேள்வியைப் பெர்ன்ஸ்டைனே எழுப்பி, அதற்குப் பதிலும் சொல்கிறார். நேர்மையாகச் சிந்திக்கும் கலைஞர் ஒருவர் எதை நினைத்தாலும் அதை மதித்துக் கேட்க வேண்டும்; பலமுறை வாசித்துத் தேய்ந்த ஒரு படைப்பைப் புதிதாகப் பார்க்க வாய்ப்பு கிடைத்திருக்கிறது; சில இடங்கள் வியக்கத்தக்க புத்துணர்வுடன் வெளிப்படுகின்றன என்று அடுக்குகிறார். இசையில் துணிந்து பார்க்கும் ஆர்வமும் ஓர் அங்கம் என்று முடிக்கிறார்.

தான் பேசப்போவதைக் கூல்டிடம் முன்பே சொல்லியிருந்தார், கூல்டும் சம்மதித்திருந்தார். இருவருடைய நட்பும் இதனால் முறியவில்லை. அப்படியென்றால் அந்தப் பேச்சால் எந்தக் கெடுதலும் இல்லையா? இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

கேட்டவர்கள் கூச்சலிட்டார்களா? எழுந்து போனார்களா?

அன்றைய கச்சேரி வானொலியில் ஒலிபரப்பானது. அதனால் நாம் வதந்தியை நம்ப வேண்டியதில்லை, பதிவைக் கேட்டாலே போதும். நீண்ட காலம் கள்ளப் பதிவாகவே கைமாறிக்கொண்டிருந்த அது, 1998இல் சோனி நிறுவனத்தால் முறையாக வெளியிடப்பட்டது.

அதில் இருமல் கேட்கிறது, பேச்சின்போது சிரிப்பு கேட்கிறது, முடிவில் பலத்த கைத்தட்டலும் கேட்கிறது. கலவரம் மூண்டதைப் போலப் பின்னாளில் பரவிய கதைக்கு அந்த ஒலிநாடாவில் இடமில்லை. கதையைப் பெரிதாக்கியது அரங்கம் அல்ல, மறுநாள் செய்தித்தாள்.

செய்தித்தாளில் அப்படி என்ன எழுதினார்கள்?

நியூயார்க் டைம்ஸின் இசை விமர்சகர் ஹரால்ட் ஷோன்பெர்க், ஓசிப் என்ற கற்பனை நண்பருக்குக் கடிதம் எழுதும் பாணியில் விமர்சனம் எழுதினார். மாணவப் பருவத்தில் நாம் பயிற்சி செய்த வேகத்தைவிடவும் மெதுவாக வாசித்தார் என்று கேலி செய்தார். இத்தனை மெதுவாக வாசிப்பதற்குக் காரணம் கைத்திறன் போதாமையாக இருக்கலாம் என்று ரகசியம் சொல்வதைப் போல ஒரு வரியும் சேர்த்தார். பெர்ன்ஸ்டைனையும் அவர் விடவில்லை; உடன்பாடு இல்லாத ஒன்றை ஏன் மேடையேற்ற வேண்டும் என்பது அவருடைய வாதம்.

கைத்திறன் பற்றிய அந்த வரி அநியாயம். கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை 1955இல் 38 நிமிடத்தில், குறுக்கே பாயும் இரண்டு கைகளும் ஒன்றோடொன்று சிக்காமல் வாசித்தவரைப் பற்றி எழுதப்பட்ட வரி அது. வேகம் அவருக்கு ஒருபோதும் கைவராமல் இருந்ததில்லை. பிடிக்கவில்லை என்று எழுதுவது விமர்சகரின் உரிமை. முடியவில்லை என்று எழுதும்போது காதில் விழுந்ததைத் தாண்டி ஊகத்துக்குள் போய்விடுகிறார்.

உண்மையிலேயே அவ்வளவு மெதுவாகவா வாசித்தார்?

கடிகாரத்தை வைத்துப் பார்த்தால், மூன்று பகுதிகளும் சேர்ந்து ஏறத்தாழ 53 நிமிடம். அன்று பலரும் பழகியிருந்த வாசிப்புகள் 45 முதல் 48 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வித்தியாசம் உண்டு, மறுப்பதற்கில்லை.

ஆனால் 1972இல் பியானோ கலைஞர் எமில் கிலெல்ஸ், ஓய்கன் யோகும் நடத்திய பெர்லின் பில்ஹார்மானிக்குடன் செய்த பதிவு 51 நிமிடத்தைத் தொடுகிறது. அதைப் பலர் இந்தக் கான்செர்ட்டோவின் மிகச் சிறந்த பதிவுகளில் ஒன்றாகக் கொண்டாடுகிறார்கள். இன்னும் ஒன்று: பெர்ன்ஸ்டைனே 1980களில் பியானோ கலைஞர் கிறிஸ்டியன் சிமர்மனுடன் வியன்னாவில் இதே கான்செர்ட்டோவைப் பதிவு செய்தார். அது கிட்டத்தட்ட 54 நிமிடம், கூல்டைவிடச் சற்று அதிகம். அதற்கு யாரும் முன்னுரை சொல்லவில்லை. யாரும் கேலிக் கடிதமும் எழுதவில்லை. இதைக் கேட்டதும் பலருக்கு முகம் மாறிவிடும். 1962இல் அவையினரை நெளியவைத்தது வெறும் நிமிடக் கணக்கு இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

அப்படியானால் அவர்களை நெளியவைத்தது எது?

கான்செர்ட்டோ என்றால் தனி வாசிப்பாளருக்கும் இசைக்குழுவுக்கும் இடையே ஒரு போட்டி என்ற எதிர்பார்ப்பு கேட்பவர்களிடம் ஊறிப்போயிருந்தது. கூல்டுக்கு அந்தப் போட்டி மனப்பான்மையே பிடிக்காது. பியானோவை இசைக்குழுவின் ஓர் உறுப்பாக, உள்ளே கலந்து ஒலிக்கும் குரலாக வாசிக்க விரும்பினார். பாய்ந்து வர வேண்டிய இடத்தில் அவர் பாயவில்லை. கம்பீரமாக முழங்க வேண்டிய இடத்தில் இடது கையின் நடுக்குரல் ஒன்றை, அதாவது இடையில் ஓடும் இசை இழை ஒன்றை, மேலே கொண்டுவந்து காட்டினார்.

முதல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். டிம்பனி முரசு உருள, தந்திக் கருவிகள் கொந்தளித்து அடங்கியபின், பியானோ ஆரவாரமே இல்லாமல் தணிந்த குரலில் நுழைகிறது. வெகு நேரம் கழித்து, இசைக்குழு ஒதுங்கிக்கொள்ள, பியானோ மட்டும் தனியே ஒரு மெட்டை நிறைந்த சுரக்கூட்டுகளில் பிரார்த்தனையைப் போல வாசிக்கும். அந்த இடத்தில் சற்று நிதானமாக என்று பிராம்ஸே எழுதியிருக்கிறார். பெரும்பாலானவர்கள் அங்கே நன்றாக இழுத்து, பிறகு உச்சத்தில் வேகமெடுத்து ஓடுவார்கள். கூல்டிடம் அந்த ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. ஒரே நாடித்துடிப்பு பகுதி முழுவதையும் பிணைக்கிறது. உணர்ச்சி எங்கே பொங்கும் என்று பழகிய காதுகள் காத்திருந்த இடங்களில் பொங்கவில்லை. மூன்றாம் பகுதியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். துள்ளி ஓட வேண்டியது அங்கே நடந்து போகிறது. எனக்கும் அந்த மூன்றாம் பகுதி முழு நிறைவைத் தருவதில்லை. முதல் பகுதியை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்பேன்.

வாசிக்கும்போது யாரோ முனகுகிறார்களே, பதிவில் கோளாறா?

கோளாறு இல்லை, அது கூல்டின் குரல். சிறுவயதில் அவருக்கு முதலில் பியானோ கற்றுக்கொடுத்தவர் தாய். வாசிப்பதைப் பாடிக்கொண்டே வாசி என்பது அவர் பழக்கியது. அது கடைசிவரை போகவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் பொறியாளர்கள் எவ்வளவோ முயன்றும் அந்தக் குரலை முழுவதும் நீக்க முடியவில்லை. பாடாமல் இருந்தால் வாசிப்பு கெட்டுவிடும் என்பது கூல்டின் நிலைப்பாடு.

நடிப்பா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அவையினர் யாரும் இல்லாத கூடத்திலும் அவர் அப்படியேதான் முனகினார்.

அந்தக் குட்டி நாற்காலி? அதுவும் கவன ஈர்ப்புக்காக இல்லையா?

மடக்கு நாற்காலி ஒன்றை அவருடைய தந்தை 1953இல் கால்களை வெட்டி, உயரத்தைத் திருத்தி அமைத்துக் கொடுத்தார். இருக்கை தரையிலிருந்து சுமார் 35 சென்டிமீட்டர்தான். வழக்கமான பியானோ இருக்கை ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் இருக்கும். அதனால் மணிக்கட்டு கட்டைகளுக்குக் கீழே தொங்க, மூக்கு கட்டைகளைத் தொடுவதைப் போல அவர் குனிந்திருப்பார்.

இதற்கு இசைக் காரணம் உண்டு. டொரோன்டோவில் அவருடைய ஆசிரியராக இருந்த அல்பெர்ட்டோ கெரெரோ, தோள் பலத்தால் அடிக்காமல் விரல் நுனியால் கட்டையைக் கீழே இழுக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார். தாழ்ந்த இருக்கை அதற்கு ஏற்றது. பாக்கின் இசையில் மூன்று நான்கு குரல்கள் பின்னும்போது ஒவ்வொன்றும் துல்லியமாகப் பிரிந்து கேட்பதற்கு அதுவே துணை. விலையும் உண்டு: பெரிய அரங்கை நிரப்பும் முழக்கம் அப்படி அமர்ந்தால் எளிதில் வராது. பிராம்ஸ் கச்சேரியில் ஆரவாரம் குறைவாக இருந்ததற்கு அவருடைய கருத்தோடு இப்படி அமரும் முறையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

எல்லா ஊரிலும் இவருக்கு இப்படி அரைகுறை வரவேற்புதானா?

இல்லை. 1957 மே மாதம் மாஸ்கோவில் வாசிக்கப் போனார். அங்கே அவரை யாருக்கும் தெரியாது. இசைத்தட்டுகள் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. நாற்காலிக் கதைகளும் போகவில்லை. மாஸ்கோ கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியின் பெரிய அரங்கு முதல் பாதியில் வெறிச்சோடிக் கிடந்தது. இடைவேளையில் வந்திருந்தவர்கள் தொலைபேசிக்கு ஓடி, நண்பர்களை உடனே புறப்பட்டு வரச் சொன்னார்கள். இரண்டாம் பாதியில் அரங்கு நிரம்பிவிட்டது.

அதே பயணத்தில் மாணவர்களுக்காகப் பெர்க், வெபர்ன், கிரெனெக் ஆகிய இருபதாம் நூற்றாண்டுப் புதுமை இசையமைப்பாளர்களின் இசையைப் பேசியும் வாசித்தும் காட்டினார். சோவியத் அரசு ஒப்பாத இசை அது. மூத்த பேராசிரியர்கள் சிலர் எழுந்து வெளியேறினார்கள். மாணவர்கள் இருந்து கேட்டார்கள். எதிர்வினை என்று பொதுவாகப் பேசும்போது ஒரே அரங்கில் இரண்டு கூட்டம் இருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

பகுதிகளுக்கு நடுவே கைதட்டினால் முறைக்கிறார்களே? அப்படி ஒரு விதி இருக்கிறதா?

விதி இல்லை, வழக்கம்தான். அதுவும் பழைய வழக்கம் இல்லை. 1778இல் பாரிஸில் தன் சிம்பொனி அரங்கேறியதைப் பற்றி மோட்ஸார்ட் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், முதல் பகுதி நடந்துகொண்டிருக்கும்போதே பிடித்த இடத்தில் அவை கைதட்டியதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். அந்த இடத்தில் தட்டுவார்கள் என்று முன்பே கணித்து எழுதியதாகவும் சொல்கிறார். 1813இல் பீத்தோவனின் ஏழாம் சிம்பொனி அரங்கேறியபோது இரண்டாம் பகுதியை உடனே மீண்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். கடைசிவரை அசையாமல் அமர்ந்திருக்கும் அவை பின்னால் வந்தது.

எப்போது தட்டுவது என்று தெரியாவிட்டால், வாசித்தவர் கையைத் தொங்கவிட்டுத் திரும்பும்வரை பொறுத்திருங்கள். முன்னதாகத் தட்டிவிட்டாலும் குற்றம் ஒன்றும் இல்லை.

கூல்ட் கைத்தட்டலையே வெறுத்தாராமே? அப்படிப்பட்டவர் ஏன் மேடையேறினார்?

1962ஆம் ஆண்டிலேயே கைத்தட்டலைத் தடை செய்ய வேண்டும் என்று பத்திரிகையில் கட்டுரை எழுதினார். இசையால் மனத்துக்குள் மெல்ல நிகழ வேண்டிய மாற்றத்தை, நொடியில் எழும் ஆரவாரம் கெடுத்துவிடுகிறது என்பது அதன் சாரம். அரங்கில் கூடுபவர்கள் ஒருவர் தடுக்கி விழுவதைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள் என்ற உணர்வும் அவருக்கு இருந்தது.

சொன்னதைச் செய்தும் காட்டினார். 1964 ஏப்ரல் 10 அன்று லாஸ் ஏஞ்சலஸில் வாசித்ததே கடைசி மேடை. வயது 31. அதன்பிறகு ஒலிப்பதிவுக் கூடமும் வானொலியும்தான். இதில் நான் அவரோடு முழுவதும் உடன்படவில்லை. மேலே சொன்ன மாஸ்கோ இடைவேளை எந்த ஒலிப்பதிவுக் கூடத்திலும் நடந்திருக்காது.

இவர் ஒருவர்தானா இப்படி? வேறு யாரும் இல்லையா?

இருந்தார்கள். ஒடெஸாவில் 1848இல் பிறந்த பியானோ கலைஞர் விளாடிமிர் டி பாக்மன், வாசித்துக்கொண்டே அவையோடு பேசுவார். தன்னைத் தானே பாராட்டிக்கொள்வார். அவர் நடத்துவது அபிநயம், போலந்து இசையமைப்பாளர் ஷோபனின் இசை அதற்குப் பக்கவாத்தியம் என்ற பொருளில் பெர்னார்ட் ஷா எழுதினார். ஆனாலும் அவருடைய ஷோபனுக்காக மக்கள் கூடினார்கள்.

1980இல் வார்சாவின் ஷோபன் பியானோ போட்டியில் இன்னொரு வகை நடந்தது. யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த இவோ போகொரெலிச்சை நடுவர்கள் இறுதிச் சுற்றுக்கு அனுப்பவில்லை. அவர் ஒரு மேதை என்று சொல்லி, நடுவர்களில் ஒருவரான மார்த்தா ஆர்கெரிச் விலகினார். போட்டியில் வென்றவர் வியட்நாமின் டாங் தாய் சோன். வென்றவரைவிட வெளியேற்றப்பட்டவர் பெயர் அன்று உலகெங்கும் அடிபட்டது. தேர்ந்த காதுகளும் ஒருமனதாக இருப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எழுதியவர் சொன்னபடி வாசிக்காமல் இருப்பது அவருக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

கடினமான கேள்வி. அச்சான பிரதியில் முதல் பகுதிக்குப் பிராம்ஸ் தருவது கம்பீரமாக என்ற குறிப்பு. நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்ற எண் இல்லை. ஆகவே காலப்பிரமாணத்தில் வாசிப்பவருக்கு இடம் இருக்கிறது. ஒலியின் ஏற்ற இறக்கம் வேறு விஷயம். அவை தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றிலிருந்து கூல்ட் விலகினார் என்பதைப் பெர்ன்ஸ்டைன் சொன்னது சரிதான்.

துரோகம் என்ற சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். பீத்தோவனின் அப்பாஷனாட்டா சொனாட்டாவின் முதல் பகுதியைக் கூல்ட் ஏறத்தாழ 15 நிமிடத்துக்கு இழுத்து வாசித்தார். மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் படைப்பின் மேல் தனக்குப் பெரிய மதிப்பு இல்லை என்பதை அவர் மறைக்கவும் இல்லை. அது தோற்ற முயற்சி என்பேன். பிராம்ஸ் அப்படி இல்லை. அதில் அவர் படைப்பை நம்பி, அதன் கட்டுக்கோப்பை வெளியே கொண்டுவரப் பார்த்தார். விலகல் இரண்டிலும் உண்டு. எதற்காக விலகினார் என்பதைக் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும்.

எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு இசை புரியவில்லை என்று அர்த்தமா?

இல்லவே இல்லை. இதே கான்செர்ட்டோவை 1859 ஜனவரி 27 அன்று ஜெர்மனியின் லைப்சிக்கில் பிராம்ஸே வாசித்தார். வயது 25. முடிந்ததும் மெல்லத் தட்ட முயன்ற ஓரிரு கைகளைச் சுற்றியிருந்தவர்களின் சீறல் அடக்கிவிட்டது. இதை வயலின் கலைஞரான நண்பர் யோவாகிமுக்கு எழுதிய கடிதத்தில் பிராம்ஸ் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அன்று சீறியவர்கள் இசை தெரியாதவர்கள் இல்லை; ஐரோப்பாவின் மிகத் தேர்ந்த அவைகளில் ஒன்று அது. அவர்கள் எதிர்பார்த்தது கைத்திறன் மின்னும் கான்செர்ட்டோ. கிடைத்தது கனத்த, சிம்பொனி போன்ற ஒன்று.

ஆக, பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். எந்த இடத்தில் பிடிக்காமல் போனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போதுதான் மேற்கொண்டு பேச முடியும். நாற்காலியும் முனகலும் பிடிக்கவில்லை என்றால், இசையைப் பற்றி நீங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

பெர்ன்ஸ்டைன் பேசாமலே இருந்திருந்தால் எதிர்வினை மாறியிருக்குமா?

மாறியிருக்கும் என்றே நம்புகிறேன், இரண்டு திசையிலும். மெதுவாக இருக்கும் என்று சொல்லிவிட்டால் காது மெதுவைத்தான் தேடும். சிமர்மனுடன் எடுத்த 54 நிமிடத்தைப் பற்றி மேலே சொன்னேன்; அங்கே யாரும் தேடவில்லை, அதனால் யாருக்கும் உறுத்தவில்லை. கார்னகி ஹாலில் முதல் சுரம் எழுவதற்கு முன்பே வழக்கு பதிவாகிவிட்டது. இதுதான் அந்தப் பேச்சு செய்த கெடுதல்.

அதே பேச்சு ஒரு நன்மையும் செய்தது. லைப்சிக்கில் பிராம்ஸுக்காக யாரும் முன்வந்து பேசவில்லை, சீறினார்கள். நியூயார்க்கில் நடத்துநரே இதைப் பொறுமையாகக் கேளுங்கள், நானும் கேட்கிறேன் என்றார்; 53 நிமிடம் கேட்டுவிட்டுக் கைதட்டினார்கள். எது எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வழியில்லை.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 1998 வெளியீட்டில் பெர்ன்ஸ்டைனின் பேச்சு தனித் தடமாக இருக்கிறது. முதல் முறை அதைத் தாண்டிவிட்டு நேராக டிம்பனி உருளும் இடத்திலிருந்து கேளுங்கள். சில நாள் கழித்துக் கிலெல்ஸ் பதிவைக் கேளுங்கள். மூன்றாவதாகப் பேச்சோடு சேர்த்துக் கூல்டை மீண்டும் கேட்டுவிட்டு, முதல் முறை உங்களுக்கு மெதுவாகப் பட்ட இடங்களும் இப்போது படும் இடங்களும் ஒன்றுதானா என்று எனக்கு எழுதுங்கள்.